சந்தனம் வைத்த பூட்ஸும் டீக்மானின் குடையும்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து நான் வெட்கப்படத் தேவையில்லை. இது எண்ணெய் மணத்தில் பிறந்த கதை.

பீலெஃபெல்டில் எங்கள் பகுதி உதைபந்தாட்டக் கழகத்துக்கு ஒரு சிறிய கட்டடம் உண்டு. கீழே உடை மாற்றுகிற அறைகள். மேலே பியரும், பொம்மஸ் என்று இங்கே எல்லோரும் சொல்கிற உருளைக்கிழங்குப் பொரியலும் விற்கிற கூடம். காசைக் கொடுத்துவிட்டு நின்றால், பொரிந்து வரும்வரை பார்ப்பதற்கு அங்கே சுவர் மட்டும்தான். சுவர் நிறையப் பழைய அணிகளின் படங்கள். கணவர் ஒரு மைதானத்திலும் மகள் இன்னொரு மைதானத்திலும் ஓடுகிற சனிக்கிழமைகளில், யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நான் மேலே ஏறி வந்து அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அதில் ஒருவர், அவுகுஸ்ட் டீக்மான்.* முதல் மூன்று படங்களில் பூட்ஸ் போட்டு, பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நடுவில் நிற்கிறார். நாலாவது படத்தில் அதே மனிதர், அதே மீசை, ஆனால் ஓரத்தில் நிற்கிறார். நீளமான மேலங்கி. கையில் சுருட்டிய கறுத்தக் குடை. அதற்குப் பிறகு அவர் வருகிற படங்கள் எல்லாவற்றிலும் குடையும் வருகிறது.

மூன்றாவது படத்துக்கும் நாலாவது படத்துக்கும் இடையில் ஒரு சாண் வெறுஞ்சுவர். அந்த ஒரு சாணுக்குள் ஏதோ நடந்திருக்கிறது. விளையாடிக்கொண்டிருந்த ஒருவர் விளையாட்டை விட்டுவிட்டு, மற்றவர்களை விளையாட வைக்கிறவராக மாறியிருக்கிறார். அது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

காரணம் இலக்கியம் இல்லை. என் கணவர்.

* பெயரை மாற்றியிருக்கிறேன். கழகத்தின் பெயரை எழுதவே போவதில்லை. மீசையை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். அதை மாற்ற மனம் வரவில்லை.

2

என் கணவர் சிறீதரன் கழகத்தின் மூத்தோர் அணியில் சென்டர் ஹாஃப், நடுவில் நின்று ஆடுகிறவர். மூத்தோர் என்றால் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். இவர் நாற்பதைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டார். படி ஏறும்போது அவருடைய வலது முழங்கால் சத்தம் போடும். வெள்ளிக்கிழமை தைலம் பூசி, சனிக்கிழமை விளையாடி, ஞாயிற்றுக்கிழமை கால் நீட்டிக் கிடந்து, திங்கட்கிழமை வேலைக்கு நொண்டிக்கொண்டு போவார். கேட்டால், "இது காலநிலை" என்பார்.

எங்கள் மகள் நிலக்சி அதே கழகத்தின் பெண்பிள்ளைகள் அணியில் விளையாடுகிறாள். அந்த அணிக்கு இருந்த ட்ரெய்னர் வேலை மாறிக் காசெல் நகரத்துக்குப் போய்விட்டார். கழகத்தில் பிள்ளைகளின் அணிகளைப் பார்க்கிற பிர்கிட் எல்லா இடமும் கேட்டுப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். சொதியும் இடியப்பமும் நன்றாகச் சாப்பிட்டார். பிறகு சொன்னார்: இலையுதிர்கால விடுமுறைக்கு முந்திய கடைசி ஆட்டத்துக்குள் யாராவது பொறுப்பெடுக்காவிட்டால், அணியைப் போட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். பிள்ளைகள் கலைந்து வேறு வேறு கழகங்களுக்குப் போகவேண்டியதுதான்.

"அப்பா, நீங்கள் வாங்கோவன்" என்றாள் நிலக்சி.

"பாப்பம்" என்றார் அவர்.

எங்கள் வீட்டில் "பாப்பம்" என்றால் இல்லை என்று அர்த்தம். பிர்கிட்டுக்கு அது தெரியாது. சந்தோஷமாகப் போனார். சிக்கல் என்னவென்றால் மூத்தோர் அணியும் பெண்பிள்ளைகள் அணியும் விளையாடுவது ஒரே சனிக்கிழமை, ஒரே நேரம். ஒன்றை எடுத்தால் மற்றதை விடவேண்டும். அவர் விடவேண்டியது விளையாட்டை.

போகிற போக்கில் பிர்கிட் என்னிடமும் ஒன்று கேட்டார். கழகத்தின் ஆண்டு மலருக்குத் தமிழில் ஏதாவது எழுதித் தர முடியுமா என்று. உறுப்பினர்களில் கணிசமான பேர் எங்கள் ஆட்கள். சிவமலர் என்கிற நான் இரண்டு மூன்று சிற்றிதழ்களில் கதை எழுதுகிறவள் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அந்த இடத்திலேயே எனக்கு டீக்மானின் ஞாபகம் வந்தது. அவர் பூட்ஸிலிருந்து குடைக்கு எப்படி மாறினார் என்று அழகாக எழுதி, மேசையில் வைத்துவிடுவேன். சிறீதரன் வாசிப்பார். வாசித்துவிட்டு...

கதை எழுதி ஒருவரைத் திருத்தலாம் என்று நம்புகிற வயதை நான் எப்போதோ கடந்துவிட்டேன். ஆனாலும் மகளுக்காக ஒருமுறை நம்பிப் பார்த்தேன்.

3

முதல் தொடக்கம்:

"1921ஆம் ஆண்டின் கடைசி ஆட்டத்தில், தையல் இயந்திரத் தொழிற்சாலைத் தொழிலாளியான அவுகுஸ்ட் டீக்மானின் வலது முழங்கால்..."

இவ்வளவு எழுதும்போது பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. இத்தனை வருடத்தில் என் கதை எதையும் வாசிக்காதவர், பந்து என்ற வாசனைக்கு வந்து நிற்கிறார்.

"ஏன் முழங்கால்?"

"விளையாட்டை விடுறதுக்கு ஒரு காரணம் வேணுமெல்லோ."

"முழங்காலுக்காக ஒருத்தரும் விடுறேல்லை, மலர். அது வெளியாக்களுக்குச் சொல்லுற காரணம்."

"அப்ப உண்மையான காரணம் என்ன?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நான் விடேல்லையே."

முழங்காலை அழித்தேன்.

இரண்டாவது தொடக்கம்:

"போர் முடிந்து டீக்மான் திரும்பி வந்தபோது, பழைய படத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்ற"

இது நன்றாகத்தான் வந்தது. அதுதான் பயமாக இருந்தது. போர் என்று தொடங்கினால் எங்கள் ஆட்களுக்குக் கை தானாக எழுதும், நாங்கள் நிறுத்தவும் மாட்டோம். தவிர, மூன்றாவது படம் போருக்குப் பிறகு எடுத்தது. போர் முடிந்து வந்தும் அந்த மனிதர் விளையாடியிருக்கிறார். சிரிக்கக்கூடச் சிரிக்கிறார். அவருடைய சிரிப்பை என் வசதிக்காகப் பறிக்கக் கூடாது.

மூன்றாவது தொடக்கத்தில் டீக்மானுக்கு மார்த்தா என்று ஒரு மனைவியைக் கொடுத்தேன். மார்த்தா அவருடைய காலுக்குத் தைலம் பூசிக்கொண்டே, இனிப் போதும் என்கிறாள். சிறீதரன் வாசித்துவிட்டுச் சிரித்தார். "உது உன்ரை கதையெல்லோ." மார்த்தா அத்தோடு போய்விட்டாள். பாவம், ஒரு பக்கம்கூட வாழவில்லை.

"அது சரி, அந்தாளுக்கு ஏன் குடை?" என்று கேட்டார் அவர். "படத்திலை பாத்திருக்கிறன். பந்தடிக்கிறவன் மைதானத்துக்குக் குடை கொண்டு போவானோ?"

குடை என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தேன்.

4

டீக்மானைப் பற்றித் தெரிந்ததை ஒழுங்காகச் சொல்லவேண்டிய இடம் இது.

பதினெட்டு வயதில் கழகத்தில் சேர்ந்தார். தொழிற்சாலையில் இயந்திரம் பூட்டுகிற வேலை. ஆட்டத்தில் சென்டர் ஹாஃப். அந்தக் காலத்தில் அதுதான் அணியின் முதுகெலும்பு, முன்னுக்கும் பின்னுக்கும் அவர்தான் ஓடவேண்டும். போருக்குப் போய் வந்து இன்னும் சில வருடம் விளையாடினார். 1922இலிருந்து ட்ரெய்னர். அவருடைய கையில் கழகம் இரண்டு படி மேலே ஏறியது. பெரிய நகரத்துக் கழகம் ஒன்று அவரைக் கூப்பிட்டது. போனார், இரண்டு வருடத்தில் திரும்பி வந்தார். ஏன் வந்தார் என்று கேட்டவர்களுக்கு, அங்கே பையன்கள் அவர் சொல்லி முடிக்க முதலே தலையாட்டுகிறார்கள் என்று சொன்னாராம். இது பிர்கிட் தன் தகப்பன் சொல்லக் கேட்டது.

அவருடைய முறை விசித்திரமானது. பயிற்சியின் முதல் பாதியில் பந்தைத் தரமாட்டார். மேசையில் சட்டைப் பொத்தான்களைப் பரப்பி வைத்து, நீ இந்தப் பொத்தான், நீ அந்தப் பொத்தான், இது இங்கே வந்தால் நீ எங்கே போவாய் என்று கேட்பார். சரியாகச் சொன்னால்தான் பந்து.

(பொத்தான் விஷயம் நான் பிறகு சேர்த்தது. எங்கிருந்து வந்தது என்பது ஏழாம் பகுதியில் தெரியும். கண்டும் காணாமல் வாசியுங்கள்.)

[1933க்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பிர்கிட் சுவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "தெரியாது. அந்த வருடங்களின் படங்கள் சுவரில் இல்லை" என்றார். யூதர்களைக் கழகங்களிலிருந்து துரத்திய நாட்களில் டீக்மான் எதிர்த்தாரா, வாயை மூடிக்கொண்டு நின்றாரா, கை தட்டினாரா? தெரியாத இடத்தில் அவரை வீரனாக்க எனக்கு விருப்பமில்லை. அயோக்கியனாக்கவும் ஆதாரமில்லை. ஆகவே என் கதை 1922இல் நின்றுவிடும். அந்தக் கேள்வியை இந்த அடைப்புக்குறிக்குள் விட்டுவைக்கிறேன். அழிக்கமாட்டேன்.]

இவ்வளவும் தெரிந்த பிறகும் அந்த ஒரு சாண் சுவர் அப்படியே வெறுமையாக இருந்தது. நாலாவது தொடக்கத்தை எழுத ஆரம்பித்தேன்:

"அந்த நாள் காலையில் டீக்மான் எழும்பியபோது, இன்றைக்கு விளையாடப் போவதில்லை என்று அவருக்குத் தெரியாது. ஏனென்றால்

5

ஏனென்றால் சரஸ்வதி பூசை வந்துவிட்டது.

ஜேர்மனியில் எங்கள் சாமிகளும் வார இறுதிக்குப் பழகிவிட்டார்கள். செவ்வாயோ புதனோ வருகிற விசேஷங்களைச் சனிக்கிழமைக்கு நகர்த்திவிடுவோம். அவர்களும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் இந்த வருடம் பஞ்சாங்கமே எங்களுக்கு வசதி செய்து தந்தது. வெள்ளி மாலை வைத்து, சனி முழுக்கப் பூசையில் இருந்து, ஞாயிறு விஜயதசமி.

கூடத்தில் சின்ன மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்தேன். நிலக்சி ஒரே ஓட்டமாக வந்து கணிதப் புத்தகத்தையும் வேதியியல் புத்தகத்தையும் வைத்தாள். அவளுடைய பக்தி வருடத்தில் ஒருநாள் இப்படித்தான் பொங்கும். பூசையில் வைத்த புத்தகத்தை விஜயதசமி காலைவரை திறக்கக் கூடாது. படி என்று சொல்ல எனக்கும் வாய் வராது.

சிறீதரன் பூட்ஸைக் கழுவித் துடைத்து, புதுக் கயிறு கட்டிக் கொண்டுவந்தார். ஒவ்வொரு வருடமும் வைப்பார். அவர் கடைச்சல் இயந்திரத்தில் வேலை செய்கிறவர். நியாயப்படி அவருடைய ஆயுதம் தொழிற்சாலையில் இருக்கிறது. ஆனால் அதை ஒருநாளும் அவர் தன் ஆயுதம் என்று நினைத்ததில்லை. கடைசியாக நான் என் மடிக்கணினியை வைத்தேன். உள்ளே டீக்மான், "ஏனென்றால்" என்ற சொல்லோடு அரைவசனத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன். பூட்ஸ் இரண்டின் மூக்கிலும் ஒவ்வொரு பொட்டு. கற்பூரம் காட்டினோம். நிலக்சி தேவாரம் பாடினாள். சுண்டல் சாப்பிட உட்கார்ந்தோம்.

அப்போதுதான் யூட்சனின் தொலைபேசி வந்தது. அவன் மூத்தோர் அணியில் ஆக இளையவன்.

"அண்ணை, நாளைக்கு ரெண்டு மணிக்கு. மறந்திடாதேங்கோ. மழைக்குத் தள்ளிப்போட்ட மாட்ச்."

மறந்துதான் போயிருந்தார். கையில் சுண்டலோடு மேசையைத் திரும்பிப் பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பூட்ஸ் பொட்டோடு பார்த்துக்கொண்டிருந்தது.

"எடுங்கோ அப்பா" என்றாள் நிலக்சி. "சாமி ஒண்டும் சொல்லாது."

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். "மண்டே உனக்கு மாத்ஸ் சோதனையெல்லோ? நீ உன்ரை புத்தகத்தை எடு. நான் என்ரை பூட்ஸை எடுக்கிறன்."

நிலக்சி சுண்டலை மெல்லத் தொடங்கினாள். நெடுநேரம் மென்றாள்.

"காலமை கடையிலை ஒரு சோடி வாங்கலாமே?" என்றேன் நான்.

"புதுப் பூட்ஸோடை மாட்சுக்கு இறங்கினால் கால் கிழிஞ்சுபோம். மற்றவன்ரை பூட்ஸுக்குள்ளை காலை வைக்கவும் ஏலாது." சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "வச்சாச்சு. வச்சது வச்சதுதான். யூட்சன் என்ரை இடத்திலை நிக்கட்டும். ஒரு மாட்ச் தானே."

6

(இந்தப் பகுதி எழுதப்படவில்லை. மடிக்கணினி பூசையில் இருந்தது. சனிக்கிழமை நடந்ததை நான் வெறுங்கையோடு பார்த்தேன். நன்றாகப் பார்த்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.)

7

மழை தூறத் தொடங்கியிருந்தது. சிறீதரன் வேலைக்குப் போடுகிற சப்பாத்தோடு மைதானக் கோட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே அவருடைய இடத்தில் யூட்சன். பந்து போகிற பக்கமெல்லாம் இவருடைய கால் துடித்தது. நான் பக்கத்தில் நின்றேன். அன்றைக்குப் பொம்மஸ் வாங்கப் போகவில்லை.

மூத்தோர் அணி ஒரு கோல் போட்டது. பிறகு இன்னொன்று. யாரும் இவர் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"நல்லாத்தான் விளையாடுறாங்கள்" என்றார். அதைச் சொன்ன குரலில் அவ்வளவு கவலை. எனக்குச் சிரிப்பும் வந்தது, மனமும் நொந்தது. தான் இல்லாமலும் எல்லாம் நடக்கும் என்பதை ஒரு மனிதர் பார்க்கிற இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். கையைப் பிடித்திருக்கலாம். அவருக்குப் பிடிக்காது என்று விட்டுவிட்டேன்.

முதுகுக்குப் பின்னால் மற்ற மைதானத்தில் ஒரு கூச்சல். பெண்பிள்ளைகள் மூன்றாவது கோல் வாங்கியிருந்தார்கள். அவர் திரும்பினார். அங்கே ட்ரெய்னர் நிற்கவேண்டிய இடத்தில் யாரோ ஒரு பிள்ளையின் தாய், எல்லோருடைய ஜாக்கெட்டுகளையும் அணைத்துக்கொண்டு நின்றார். நிலக்சி நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றாள். சேறு முழங்கால்வரை.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்தப் பிள்ளை கவிசா ஏன் அங்கை நிக்குது?"

"எங்கை நிக்கவேணும்?"

"இன்னும் முன்னுக்கு. அவ்வளவு பின்னுக்கு நிண்டு ஆருக்குக் காவல்? அவள் முன்னுக்குப் போனால் நிலக்சிக்கு இடம் கிடைக்கும். நிலக்சி ஏறினால் மற்றப் பக்கத்துப் பிள்ளை..." நிறுத்தினார். கண்ணைச் சுருக்கி மைதானத்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தார். "இஞ்சையிருந்து பாத்தால் முழுசாத் தெரியுது, மலர்."

பிறகு இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார். "கவிசா! முன்னுக்கு வா!"

முழு அணியும் திரும்பிப் பார்த்தது. நிலக்சி மட்டும் பார்க்கவில்லை. கேட்காத மாதிரி நின்றாள். ஆனால் கவிசா முன்னுக்கு வந்ததும், தானும் நாலு அடி ஏறினாள்.

இடைவேளையில் அவர் கம்பிவேலியைத் தாண்டிப் போனார். கதவு பக்கத்திலேயே இருந்தது, ஆனாலும் தாண்டித்தான் போனார். முழங்கால் சத்தம் எனக்குக் கேட்டது. பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களை வாங்கிப் புல்லில் வரிசையாக நிறுத்தினார். இது நீ, இது நீ, இந்தப் போத்தல் இங்கே வந்தால் நீ எங்கே போவாய்? அவருடைய ஜேர்மனில், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பால் பார்த்துப் போடவேண்டிய டெர், டீ, டஸ் மூன்றும் ஒரே குடும்பம். எந்த இடத்தில் எது வரும் என்று அவருக்கே தெரியாது. ஒருவரும் சிரிக்கவில்லை. குனிந்து நின்று போத்தல்களைப் பார்த்தார்கள்.

தோற்றார்கள். வேறு விதமாக எழுத ஆசைதான், ஆனால் தோற்றார்கள். இரண்டாவது பாதியில் ஒரே ஒரு கோல். கவிசா இடது பக்கத்தால் ஓடிப்போய் நடுவில் விட, நிலக்சி அடித்தாள். அதற்கு அவர் துள்ளிய துள்ளலில் வேலைச் சப்பாத்து ஒன்று கழன்று விழுந்தது.

மற்ற மைதானத்தில் மூத்தோர் ஆட்டம் முடிகிற விசில் ஊதியது. அது அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்தபோது நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார். தலையைத் துவட்டிவிட்டு மல்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன்.

"எத்தனை வருஷம் மழையிலை விளையாடியிருக்கிறன்" என்றார், கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "ஓடேக்கை மழை தெரியிறேல்லை. நிண்டாத்தான் தெரியுது."

8

விஜயதசமி காலையில் பூசையில் வைத்த பொருளை எடுத்துக் கொஞ்சமாவது பாவிக்க வேண்டும். அது முறை. நிலக்சி கணிதப் புத்தகத்தைத் திறந்து ஒரு வரி வாசித்து, மூடினாள். சிறீதரன் பூட்ஸைப் போட்டுக்கொண்டு கீழே முற்றத்துக்குப் போய், பந்தைச் சுவரில் ஒருமுறை அடித்துவிட்டு வந்தார். பொட்டை அழிக்காமல் சப்பாத்துத் தட்டில் வைத்தார். நான் மடிக்கணினியைத் திறந்தேன். டீக்மான் இன்னும் "ஏனென்றால்" என்று நின்றுகொண்டிருந்தார். எழுதினேன்:

"ஏனென்றால் அது பெந்தகோஸ்துத் திங்கட்கிழமை, ஊரெல்லாம் விடுமுறை. சப்பாத்து தைக்கிறவர் கடையைப் பூட்டித் திறப்பையும் எடுத்துக்கொண்டு மனைவியின் ஊருக்குப் போயிருந்தார். டீக்மானின் பூட்ஸ் கடைக்குள் இருந்தது. யன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தால் தெரிந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. அவர் வீட்டுக்குத் திரும்பி, மேலங்கியைப் போட்டுக்கொண்டு, தேவாலயத்துக்குக் கொண்டுபோகிற குடையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார். ஒரு ஆட்டம்தானே என்று நினைத்தார். கோட்டுக்கு வெளியே நின்றபோது முதல்தடவையாக மைதானம் முழுவதும் தெரிந்தது."

சிறீதரன் பின்னால் நின்று வாசித்தார்.

"உது பச்சைக் களவு."

"என்ன களவு?"

"என்னைப் பாத்து எழுதிப்போட்டு டீக்மான் எண்டுறாய்."

"நீங்கள் அவரைப் பாத்து நடந்திருக்கலாமெல்லோ."

"எனக்கு மீசை இல்லை" என்றார். பிறகு திரையில் ஒரு இடத்தைத் தொட்டார். "குடை சரியாத்தான் வந்திருக்கு. அண்டைக்கு அந்தாள் விளையாடேல்லை. அதுதான் மழை பட்டிருக்கு."

இத்தனை வருடம் கதை எழுதி எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் இதற்குமேல் ஒன்றைச் சொல்லமாட்டேன். அவர் போன பிறகு சும்மா உட்கார்ந்து கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டேன்.

அந்தக் கிழமை முழுக்க அவர் ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை பெண்பிள்ளைகளின் பயிற்சிக்கு "சும்மா பாக்க" போய் வந்தார். பிர்கிட் கேட்டதற்குப் பாப்பம் என்றாராம். வியாழக்கிழமை யூட்சன் எடுத்து, சனிக்கிழமைக்கு உங்கள் பெயரைப் போடவா என்று கேட்டான். அவனுக்கும் பாப்பம். வெள்ளிக்கிழமை வழக்கம்போலத் தைலம் பூசக் கால் நீட்டினார். பூசினேன். கேட்கவில்லை. எனக்கும் ஒரு ரோசம் இருக்கிறது.

9

ஆண்டு மலருக்கு இதை அனுப்பவேண்டும், முடிவு வேண்டும். சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. சிறீதரன் ட்ரெய்னர் ஆகிறார். பெண்பிள்ளைகள் கோடைகாலத்தில் கிண்ணம் வெல்கிறார்கள். சுவரில் புதுப் படம் ஏறுகிறது. (கிண்ணம் அதிகம். அந்த அணி அடுத்த ஆட்டத்தைச் சமமாக முடித்தாலே நான் பொங்கல் பொங்குவேன்.)

ஆ. சிறீதரன் விளையாடுகிறார். அணி கலைகிறது. நிலக்சி வேறு கழகத்துக்குப் போகிறாள், இரண்டு பஸ் மாறி. அவள் அப்பாவோடு கோபிக்கவில்லை. கோபிக்காததைப் பார்த்து அவர் (இதை முடிக்க மனம் வரவில்லை.)

இ. டீக்மான் சுவரிலிருந்து இறங்கி வந்து அவருடைய தோளில் (சீ.)

ஈ. முடிவை அவரே சொல்கிறார்.

நாலாவதுக்காகத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்குச் சனிக்கிழமை, விடுமுறைக்கு முந்திய கடைசி ஆட்டம். இரண்டு மைதானத்திலும் இரண்டு மணிக்கு. பெண்பிள்ளைகள் அணிக்கு ட்ரெய்னர் யார் என்று ஆட்டம் தொடங்க முதல் பிர்கிட் எழுதிக் கொடுக்க வேண்டும். நிலக்சி முதலே போய்விட்டாள். போகும்போது அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய சட்டையின் கழுத்துப் பட்டியை மட்டும் சரி செய்துவிட்டுப் போனாள்.

வெளியே மழை. நான் அறைக்குள் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் நடையில் நிற்கிறார். ஜாக்கெட்டின் சத்தம், பிறகு சப்பாத்துத் தட்டுக்கு முன்னால் குனிகிற முழங்காலின் சத்தம். பிறகு நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. நான் எழுத்தை நிறுத்தாமல் விசைகளைத் தட்டிக்கொண்டே இருக்கிறேன். நிறுத்தினால் நான் காது கொடுப்பது அவருக்குத் தெரிந்துவிடும். ததததத கககக பபப. இந்த எழுத்துகளை அழிக்கப்போவதில்லை.

"மலர்."

"ஓம்?"

"எங்கடை கறுத்தக் குடை எங்கை?"

என் கை நின்றுவிட்டது.

"குளிக்கிற அறையிலை. காயப் போட்டனான்" என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

"சரி. அப்ப வாறன்."

கதவு சாத்தப்படுகிறது. படியில் இறங்குகிற சத்தம், முழங்காலும் சேர்ந்து.

அந்தக் குடை நிலக்சிக்காகவும் இருக்கலாம். அவள் கொண்டுபோகவில்லை. விளையாடி முடித்துவிட்டு வரும்போது பிடிக்கலாம் என்றும் அவர் நினைத்திருக்கலாம், இத்தனை வருடத்தில் ஒருநாளும் நினைக்காவிட்டாலும். எனக்கு அந்தக் கேள்வி போதும். இந்த மேசையிலிருந்து பார்த்தால் சப்பாத்துத் தட்டுத் தெரியாது. எழும்பிப் போய்ப் பார்க்க நாலு அடிகூட இல்லை. ஆனால் நான் எழும்பப்போவதில்லை, டீக்மானுக்கு இன்னும் ஒரு பத்தி பாக்கி இருக்கிறது.

நீங்கள் போய்ப் பாருங்கள். இரண்டாவது தட்டு, இடது பக்கம். பூட்ஸ் அங்கே இருந்தால் சந்தனப் பொட்டும் அப்படியே இருக்கும். பார்த்துவிட்டு எனக்குச் சொல்லவேண்டாம். கதவைச் சாத்திவிட்டு நேரே மைதானத்துக்குப் போங்கள். ஆட்டம் தொடங்கப்போகிறது.